பந்து இல்லாமல் ஒரு மேட்ச்

வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் நாக்கை நீட்டுகிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு வழி தெரியும் என்று நம்பிப் பின்சீட்டில் தூங்கிவிடுகிறோம். தோளில் வீடியோ கேமராவை ஏற்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பவனையும் உலகம் அப்படித்தான் நம்புகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமாம். எண்பதுகளின் நடுவில், தோஹாவில், அந்த நம்பிக்கையின் பேரில் ஒரு கால்பந்து வீரன் தன் எதிர்காலத்தைத் தூக்கி என் தோளில் வைத்தான். அந்தக் காலத்து கேமராவே நல்ல வளர்த்தியான கைக்குழந்தை கனம் இருக்கும். அதன்மேல் இதுவும்.

தோஹாவின் நஜ்மாப் பகுதியில், ஒரு சாயாக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் சேவியர் அண்ணனின் வீடியோ கடை இருந்தது. முன்பக்கம் வாடகைக் கேசட்டுகள். திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால், நீர்வீழ்ச்சிப் படம் ஒட்டிய ஒரு சுவர், பிளாஸ்டிக் ரோஜாக்கள், நான். அண்ணனும் நானும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். அவர் வியாபாரம் பார்த்தார். நான் ஒளியும் நிழலும் பார்த்தேன். (அப்போதே கவிதை எழுதுகிற வியாதி இருந்தது. கடை ரசீதுகளின் பின்பக்கமெல்லாம் நிலா.)

கல்ஃபில் வீடியோ எடுப்பது ஒரு தனித் தொழில் என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெல்டரின் பிறந்தநாளுக்குத் தொழிலாளர் கேம்ப்புக்குப் போய்ப் படம் எடுத்தேன். மெழுகுவர்த்தியின் சுடர், கேக்கின்மேல் கிரீம் ரோஜா, ஜன்னலில் அந்திவானம் என்று கலை நயம் சொட்டச் சொட்ட எடுத்துக் கொடுத்தேன். கேசட் ஊருக்குப் போனது. சில வாரம் கழித்து அந்த மனிதர் கடை வாசலில் நின்றார்.

“எங்கம்ம முழுசும் பாத்துட்டு அழுவுதாடே. கேக்கு நல்லாருக்கு, எம்மவன எங்கன்னு கேக்குதா.”

அன்றிலிருந்து ஞானம் வந்தது. இங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு கேசட்டும் ஊரில் ஒரு டிவிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்காக எடுக்கப்படுகிறது. அவளுக்கு கேக் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். மகன் மெலிந்திருக்கிறானா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, தலைமுடி கொட்டிவிட்டதா, அது போதும். ஆகவே ஆளை விடாதே. யார் எதை வெட்டினாலும், யார் எங்கே கைதட்டினாலும், கேமரா ஆளின்மேல் நிற்க வேண்டும். அப்புறம், வந்திருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். விட்டுப்போனால் அறையில் சண்டை. இந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நானம், புதுநன்மைப் பூசை, பிறந்தநாள், பிரிவு உபசாரம் என்று தோஹாத் தமிழர்களின் முகங்களை எல்லாம் நான் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆளை விடாத கேமராமேன் என்று நஜ்மாவில் எனக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஸ்டெல்லா கடைக்கு வந்தாள்.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் கடற்கரையில் இரண்டு ஊர் தள்ளி. வெள்ளிக்கிழமைப் பூசையில் பார்த்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்ததற்குச் சாட்சி இல்லை. அவளுடைய வார்டில் முழங்கால் வலியோடு ஒருவன் படுத்திருந்து தேறிப் போனானாம். கானா நாட்டுக்காரன், பெயர் குவேசி. ஒரு சின்ன கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரன். விசாவில் கிளப் முதலாளியின் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் என்று எழுதியிருக்கும். (கல்ஃபில் அப்போது விசாவில் எழுதியிருப்பதை யாரும் செய்ததில்லை. நானே விசாப்படி ஒரு பிளம்பர்.) சீசன் முடிகிறது, முதலாளி கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டார், விசாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. அவன் ஊருக்குத் திரும்ப வேண்டும். இருபத்தாறு தாண்டிவிட்டது. இந்த வயதில் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினால், பிறகு யாரும் தேடி வரமாட்டார்கள்.

ஒரே ஒரு கதவு மட்டும் சற்றே திறந்திருந்தது. கிளப்பின் பயிற்சியாளர் ஹென்றி என்ற பெல்ஜியக் கிழவர். அவருடைய பழைய சினேகிதர் ஒருவர் பெல்ஜியத்தில் ஒரு நல்ல கிளப்புக்கு கோச். அந்த கோச் முன்வரிசைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். ஹென்றி லீவில் ஊருக்குப் போகிறார். குவேசி விளையாடுவதை ஒரு கேசட்டில் எடுத்துக் கொடுத்தால் கையோடு கொண்டுபோய்ச் சினேகிதர் கையில் வைப்பார். மிச்சம் இருப்பது ஒரே மேட்ச். இந்தச் சின்ன கிளப்பின் மேட்சை எந்த டிவியும் காட்டாது.

“பிரதர், ஒங்களுக்கு ஃபுட்பால் தெரியும்லா?” என்று கேட்டாள். (அப்போது பிரதர் என்றுதான் கூப்பிட்டாள். அந்த உறவுமுறையை மாற்றி எழுதுவதற்குள் எனக்கு முடி நரைத்துவிட்டது.)

“நம்ம கடப்புறத்துல கடலுக்குப் போவாதவன் உண்டு, பந்து வெளயாடாதவன் உண்டா?” என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய குழந்தை முதலில் உதைப்பது பந்தைத்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, மணலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லோருடைய சட்டையையும் செருப்பையும் காவல் காப்பான். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பான். அந்த விதிவிலக்கு இப்போது ஸ்டெல்லாவின் முன்னால் கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், வெயில் சாயும் நேரத்தில் மேட்ச். ஊரின் விளிம்பில் மைதானம், அதன் விளிம்பில் பாலைவனம். புழுதியும் உப்புக்காற்றும் கலந்து வெளிச்சம் தேன் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. (பாருங்கள், இப்போதும் வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன்.) குவேசி என்னிடம் வந்து கை கொடுத்தான். உயரம், மெலிவு, கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு. என் ஆங்கிலமும் அவன் ஆங்கிலமும் வேறு வேறு திசைகளிலிருந்து வந்தவை என்பதால் மெதுவாகச் சொன்னான். தன் இடது காலைத் தட்டிக் காட்டி, இதை மறக்காதே, என் தொழில் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்றான்.

நான் மறக்கவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த இடது காலுக்கு ஒரு குளோசப் எடுத்துவிட்டேன். பூட்ஸ், லேஸ், லேஸின் முடிச்சு, முடிச்சின்மேல் ஒட்டியிருந்த மணல். வேலை முடிந்தது என்று மேலே முகத்துக்குப் போனேன்.

விசில் ஊதினார்கள்.

அப்புறம் நடந்ததை நான் எப்படி விளக்குவது? இருபத்திரண்டு பேர் ஓடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கேமராவில் கண் வைக்கும் கறுப்பு வெள்ளைக் கண்ணாடிக்குள் ஒருவன் மட்டும் ஓடினான். முதலில் முகத்தை மட்டும் வைத்திருந்தேன். அவன் திடீர் திடீரென்று பாய்ந்ததில் கண்ணாடியில் வானம்தான் மிஞ்சியது. ஆகவே ஜூமைக் கொஞ்சம் தளர்த்தி, தலை முதல் கால் வரை ஒரு சட்டத்துக்குள் அடைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் ஓடினால் நானும் திரும்பினேன். நின்றால் நின்றேன். இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கினால், அவன் தாய் பார்ப்பாளே என்று முகத்துக்கு நெருங்கிப் போனேன்.

சுற்றிலும் என்னென்னவோ நடந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆளைப் பிடித்திருந்தேன். கேக் வெட்டும்போது கேக்கைப் பார்க்கிறவன் கற்றுக்குட்டி. நான் தொழில்காரன். அந்த நிமிடத்தில் என் மனவுறுதியை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

இடைவேளையில் இரண்டாவது கடமை நினைவுக்கு வந்தது. வந்திருந்த அத்தனை பேரையும் வரிசையாக எடுத்தேன். வெள்ளரி விதை கொறித்துக்கொண்டிருந்த கிளப் மேனேஜர், சிகரெட்டோடு யோசனையில் இருந்த ஹென்றி, தண்ணீர் ட்ரம், ட்ரம்மின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பூனை, ஸ்டெல்லா. பிறகு வேறு கோணத்தில் ஸ்டெல்லா. அவளுடைய துப்பட்டா காற்றில் பறந்தது; அதை எடுக்காவிட்டால் பாவம் என்று அதையும் எடுத்தேன்.

மறுநாள் அந்தக் கேசட்டின் தொடக்கத்தில் எங்கள் கடையின் வழக்கமான டைட்டிலைச் சேர்த்தேன். ஒரு ரோஜா மெல்ல விரியும். இரண்டு புறாக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் பறந்து வந்து நடுவில் சேரும். கீழே ஆங்கிலத்தில் கடவுள் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக. அண்ணன் அன்றைக்கு ஒரு புதுநன்மை ஆர்டருக்காக அலைந்துகொண்டிருந்ததால் படத்தை ஓட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. எனக்குப் பார்க்க வேண்டிய தேவையே தோன்றவில்லை. நான்தான் எடுத்தவன் ஆயிற்றே.

அன்று மாலை ஹென்றியின் ஃபிளாட்டில் கூடினோம். மறுநாள் காலை அவருக்கு விமானம். பாதி கட்டிய பெட்டிகள் ஹாலில் கிடந்தன. குவேசி இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, வேலைக்கு நேர்முகம் வந்தவனைப்போல சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஸ்டெல்லா டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். அண்ணன் கடையின் விசிட்டிங் கார்டுகளைக் கத்தையாகக் கொண்டுவந்திருந்தார். ஐரோப்பாவில் கிளை திறக்கிற உத்தேசம் அந்த முகத்தில் தெரிந்தது. நான் டிவிக்குப் பக்கத்தில், இயக்குநர்கள் நிற்கும் இடத்தில் நின்றேன்.

ரோஜா விரிந்தது. புறாக்கள் சேர்ந்தன. ஹென்றி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். இடது கால் பூட்ஸ் வந்தது. வெகுநேரம் இருந்தது.

பிறகு ஆட்டம். குவேசி ஓடினான், நின்றான், கையைக் காட்டினான், மறுபடி ஓடினான். எதற்காக ஓடினான், எதைப் பார்த்து நின்றான், எவரை நோக்கிக் கையைக் காட்டினான் என்பதெல்லாம் சட்டத்துக்கு வெளியே இருந்தது. எப்போதாவது ஒரு பந்து மூலையிலிருந்து உள்ளே வரும். அவன் அதைத் தொடுவான். அது போய்விடும். அது எங்கே போனது என்று பார்க்காமல் கேமரா அவன் நெற்றியில் வழியும் வியர்வைக்குப் போகும்.

அண்ணன்தான் முதலில் குனிந்து என் காதருகே வந்தார்.

“லேய் அருளு, பந்து எப்பம்லே வரும்?”

“இடையில இடையில வரும்ணே.”

அந்த நேரத்தில் டிவியில் பெரும் கூச்சல் எழுந்தது. திரையில் குவேசியின் முகம் மட்டும். கண்கள் விரிந்து, உதடு பிரிந்து, இரண்டு கையும் மேலே போயின. அவன்மேல் நான்கைந்து பேர் வந்து விழுந்தார்கள். கோல். அவன் அடித்த கோல். அதை அந்த மைதானத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், என் கேமராவைத் தவிர.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெல்ஜியத்தில் ஒரு கோச் இதைப் போட்டுப் பார்க்கப் போகிறார். அவர் குவேசியின் தாய் அல்ல.

“சவத்து மூதி,” என்றார் அண்ணன், பாசம் கலக்காமல். விசிட்டிங் கார்டுகள் அவர் சட்டைப்பைக்குள் திரும்பிப் போவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் திரையில் இடைவேளை வந்துவிட்டது. மேனேஜர், வெள்ளரி விதை, ட்ரம், பூனை, ஸ்டெல்லா. மறுபடி ஸ்டெல்லா. துப்பட்டா. பக்கத்தில் நிஜ ஸ்டெல்லா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் பிரதர் என்ற உறவு அன்றோடு முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. வேறு உறவு தொடங்கியதா, எந்த உறவும் இல்லாமல் போயிற்றா என்பது தெரியவில்லை.

ஹென்றி நிறுத்தச் சொல்லவில்லை. குவேசியும் சொல்லவில்லை. கடைசி விசில் வரைக்கும் படம் ஓடியது. இரண்டாவது பாதியில் இன்னொரு கூச்சல் வந்தபோது நான் தரை விரிப்பின் பூ வேலைப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன். படம் முடிந்து திரை நீலமானதும் ஹென்றி எழுந்தார். வேறு மேட்ச் இல்லை, இருப்பது இதுதான் என்று சொல்லி, கேசட்டை எடுத்துப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் செருகினார். இறந்தவரின் கண்ணை மூடுவதுபோல இருந்தது எனக்கு.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம், குவேசியும் நானும். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவன் லிஃப்டின் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சின்ன வயசிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேன்,” என்றான். “நான் ஓடுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.”

பிறகு என் தோளில், கேமரா வைத்துக் காய்த்துப்போன அந்தத் தோளில், கையை வைத்து நன்றி என்றான். அதோடு, கடையில் இருக்கும் மூலப் படத்திலிருந்து தன் அம்மாவுக்கு ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். பெல்ஜியத்துக்கு இருந்த ஒற்றை வழியை நான் மண்ணள்ளிப் போட்டு மூடியிருக்கிறேன், அவன் என்னிடம் பிரதி கேட்கிறான். இந்தக் கதை பிற்பாடு எப்படித் திரும்பியிருந்தாலும், அந்த லிஃப்டுக்காக நான் அவனுக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டவன். கோபப்பட எல்லா உரிமையும் உள்ள ஒருவன் கோபப்படாமல் விட்டதைப் பார்த்தவனுக்கு, அப்புறம் யாரிடமும் சுலபமாகக் கோபப்பட வருவதில்லை.

அடுத்த வாரங்களில் நான் நஜ்மாவில் ஒளிந்து வாழ்ந்தேன். கிளப்பில் விளையாடும் யாராவது தெருவில் தெரிந்தால் தையல்கடைக்குள் புகுந்து அளவு கொடுத்தேன். (அந்த மாதம் எனக்குத் தேவையே இல்லாத பேன்ட்டுகள் சேர்ந்தன.) ஸ்டெல்லா ஒருதடவை கடைக்கு வந்தாள். குவேசியின் விசா முடியப் போகிறது, டிக்கெட் போட்டாயிற்று, பெல்ஜியத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்தவள்போலச் சற்று நின்றாள்.

“மேட்ச் எடுக்கச் சொன்னா என்னைய என்னத்துக்கு எடுத்தியரு?”

“வந்தவங்க எல்லாரையும் காட்டணும்லா.”

“பூனைய ஒருதடவதான காட்டினியரு.”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அவள் போன வழியில் கொஞ்ச நேரம் வெயில்கூட மரியாதையாக நின்றது.

குவேசி ஊருக்குக் கிளம்பவிருந்த அதே வாரம், ஒரு பட்டப்பகலில், கடை வாசலில் நின்று கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருவின் கோடியிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். முகம் தெரியாத தூரம். முகம் எதற்கு? அந்த ஓட்டத்தை நான் ஒரு முழு மேட்ச் நேரம் கண்ணுக்குள் வைத்திருந்தவன். இடது தோள் சற்றே முன்னால், கை விரல்கள் விரிந்து. குவேசி. நேராக என்னை நோக்கி.

பதில் வந்துவிட்டது, கேசட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்கள், லிஃப்டில் தராததை இப்போது தரப்போகிறான். இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. கையிலிருந்த கேசட்டைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினேன்.

இதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் மனித வரலாற்றில் இருக்க முடியாது. ஓடியே பிழைப்பவனிடமிருந்து, சட்டை காவல் காத்தவன் ஓடித் தப்பிக்கப் பார்த்தான். குபூஸ் ரொட்டிக்கடையைத் தாண்டினேன். அடுப்புக்குள்ளிருந்து ரொட்டியைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்த பட்டாணியர், க்யா ஹுவா பாய், என்ன ஆச்சு என்று கம்பியோடு வெளியே வந்தார். சலூனில் பாதி முகத்தில் சோப்போடு ஒருவர் எழுந்து நின்றார். பின்னால் அண்ணனின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“லேய், அவன் சம்பளம் வாங்கிட்டு ஓடுதவன். நீ சும்மா ஓடுத. நில்லு.”

நின்றேன். நுரையீரலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. குவேசி மூச்சுக்கூட வாங்காமல் வந்து, என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, நஜ்மாத் தெரு நடுவில் தலைக்கு மேலே தூக்கினான். அங்கிருந்து எனக்கு கடைகளின் கூரையும் ஆன்டெனாக்களும், அதற்கப்பால் ஒரு துண்டுக் கடலும் தெரிந்தன. பட்டாணியர் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கீழிருந்து அவன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். இறக்கிவிட்டதும்தான் புரிந்தது.

ஹென்றி கிளப்புக்கு போன் செய்திருந்தார். அந்தக் கோச்சின் மேசையில் பல நாடுகளிலிருந்து வந்த கேசட்டுகள் குவிந்து கிடந்தனவாம். எல்லாவற்றிலும் கோல்தான். கோல், கோல், இன்னொரு கோல். எவனைப் பார்த்தாலும் ராஜாவாகத் தெரிகிறான், அப்புறம் நேரில் வந்தால் பந்து காலில் இல்லாத நேரமெல்லாம் மரம்போல நிற்கிறான் என்று அவர் சலித்துப் போயிருந்தாராம். புறாக்கள் பறந்து வந்ததும் சிரித்திருக்கிறார். பூட்ஸைப் பார்த்து இன்னும் சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முழுவதையும் பார்த்திருக்கிறார். சில இடங்களைத் திரும்பத் திரும்ப.

“என்ன சொன்னாராம்?” என்று கேட்டேன்.

“இந்த ஆள் பந்து தன்னிடம் வராதபோதும் விளையாடிக்கொண்டே இருக்கிறான் என்றாராம். கூட இருப்பவன் தப்பு செய்தால் கையை விரித்துக் காட்டாமல் திரும்பி ஓடுகிறான் என்றாராம். வரச்சொல்லு, பார்க்கலாம் என்றாராம்.” பிறகு தன் இடது காலைத் தட்டிச் சொன்னான்: “கோலை நான் நேரில் போய் அடித்துக் காட்டிக்கொள்கிறேன்.”

போனான். அடித்தும் காட்டினான். சோதனைக்கு என்று கூப்பிட்டவர்கள் சில வாரத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் பனிக்காலத்தில் போன் பண்ணி, இங்கே மைதானமே ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது என்று புலம்பினான். பாதி சீசன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவனுக்குக் கால் பிசகியதும் மைதானத்தில் இறக்கினார்கள், அதன்பின் பெஞ்சில் ஏற்றவே இல்லை. பல வருடம் அங்கே, பிறகு பிரான்சின் வடக்கில் ஒரு கிளப். ஒரு ஊரில் அவனிடம் பந்து வரும்போதெல்லாம் கூட்டம் குரங்குபோலச் சத்தம் போட்டதாக ஒருநாள் சொன்னான். ஸ்டெல்லா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினாள். அப்புறம், சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன், அடுத்த பாதியில் ஒரு கோலும் போட்டேன் என்றான்.

(அதற்குள் ஸ்டெல்லாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். பூனையைவிட அதிக நேரம் காட்டப்பட்டது பற்றி அவள் நெடுநாள் யோசித்து, நல்ல முடிவுக்கு வந்திருந்தாள்.)

பெல்ஜியத்திலிருந்து அவன் கேசட்டுகள் அனுப்புவான், டிவியில் வந்த அவனுடைய மேட்சுகள். அண்ணனின் கடையை மூடிவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். எத்தனை கேமரா, எவ்வளவு பெரிய மைதானம், என்ன பச்சை. ஆனால் குவேசியைக் காணவில்லை. எப்போது பார்த்தாலும் பந்தைத்தான் காட்டுகிறார்கள். பந்து போகும் பக்கமெல்லாம் கேமரா ஓடுகிறது. நம் ஆள் ஒரு ஓரத்தில் கொசுபோல வருகிறான், அடிக்கிறான், போகிறான். மெலிந்திருக்கிறானா, முழங்காலை நொண்டுகிறானா, ஒன்றும் தெரிவதில்லை. ஐரோப்பாக்காரனுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று நான் சத்தமாகவே சொன்னேன். அந்த அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதுதான் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த விருது.

முழங்கால் கடைசியில் அவனை நிறுத்தியது. இப்போது அங்கேயே ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். நாங்கள் கல்ஃபை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. கேமரா போய்விட்டது, கவிதை மட்டும் விடவில்லை. வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதையையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருவேன். வாசல் வாட்ச்மேனுக்கு மூன்று பெண்கள், கடைசிப் பெண் நன்றாகப் பாடுவாள், வார்டு ஜன்னலில் வேப்பமரம் என்று சொல்லிக்கொண்டே போவேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்பேன். உடனே ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து கேட்பாள்:

“அது கெடக்கட்டு. மேட்ச்ல யாரு ஜெயிச்சா?”

அந்தக் கேசட்டை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். ஸ்கோர் போர்டு அதில் இல்லை. கூச்சல் எந்தக் கூட்டத்துடையது என்றும் தெரியாது. அன்றைக்கு மைதானத்தில் இருந்த ஸ்டெல்லாவோ, காற்றும் துப்பட்டாவும் தன்னைப் பார்க்கவிடவில்லை என்கிறாள். எனக்கு அன்று கேட்க வெட்கம். பிறகு கேட்கிற காலம் தாண்டிவிட்டது. என் மகள் பேசக் கற்றதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவள். வங்கிக்குப் போய்விட்டு பாஸ்புக்கை மறந்து வந்தால் யாரு ஜெயிச்சா. மீன் வாங்கப் போய் மீன்காரரின் கதையை மட்டும் வாங்கி வந்தால் யாரு ஜெயிச்சா.

போன கிறிஸ்துமஸ் அன்று குவேசி போன் செய்தான். குரலில் கொஞ்சம் முதுமை, சிரிப்பில் இல்லை. நாங்கள் பேசி முடித்ததும் மகள் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அவன் ஒருவனுக்காவது தெரியாமல் இருக்குமா என்று எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

“அங்கிள், அன்னிக்கு மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்க?”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம். யோசிக்கிறான்.

“தெரியலையே மகளே,” என்றான். “நான் அதை உன் அப்பா எடுத்த படத்தில்தானே பார்த்திருக்கிறேன்.”